உபயம்: மரகதவல்லி கார்ஸ்

எங்கள் கார்க் கதவில் இருந்த ஒடுக்கை எடுத்துவிட்டு, அதை மரகதவல்லி கார்ஸ்காரர்கள் என் வீட்டுக்காரர் மேல் போட்டுவிட்டார்கள். இடது பக்கம், விலாவை ஒட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உள்ளே போயிருந்தது.

ஒடுக்கு என்பது எடுத்தால் இல்லாமல் போய்விடுகிற பொருள் இல்லை. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் விழுந்தே ஆக வேண்டும். எடுக்கிறவன் சுத்தியைப் போடும்போது அவன் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் விழும். அதற்காகத்தான் அந்தத் தொழில் செய்கிறவர்கள் எதிரில் ஒரு கருங்கல்லைப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டு தட்டுகிறார்கள். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்க் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். கவனம் இல்லை, அவ்வளவுதான்.

என் பெயர் துளசிமணி. கோபியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். அண்டா, இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, ஆள் படுக்கும் அளவுக்குச் சோறு கொட்டுகிற தாம்பாளம், எல்லாம் உண்டு. ஒரு பாத்திரம் கடைப்படியை விட்டு இறங்கும்போது நாங்கள் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான். போனது மாதிரியே வந்து சேரணும். வந்து சேராது. நசுங்கித்தான் வரும். கொண்டுவந்து போடுகிறவர்கள், "வாங்கிட்டுப் போறப்பவே இப்படித்தானுங்க இருந்துச்சு" என்பார்கள். சாமி மேல் சத்தியம்கூடச் செய்வார்கள். இந்தப் பொய்யை நான் எல்லா ராகத்திலும் கேட்டவள். அதே பொய்யை ஏசி ரூமில், டை கட்டின ஆள், கையில் காப்பி கொடுத்துச் சொன்னால் மட்டும் நம்பிவிடுவேனா?

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவருடைய சிரிப்பைத்தான். கல்லாவில் உட்கார்ந்து அவர் சிரித்தால் பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கும் அண்டாக்கள் எல்லாம் கூடச் சேர்ந்து சிரிக்கும். எனக்குச் சண்டை வரும், அவருக்குச் சிரிப்பு வரும். நசுங்கல் பாத்திரத்தோடு வருகிறவனை நான் பிடித்துக் கிழிப்பேன். அவன் அழப்போகிற நேரம் பார்த்து இவர் சிரிப்பார். அவனும் சிரித்துவிட்டுத் தப்பை ஒத்துக்கொண்டு போவான். இப்படி இரண்டும் சேர்ந்துதான் எங்கள் கடையும் ஓடியது, குடும்பமும் ஓடியது. எனக்குக் கோபம் தலைக்கேறும் நேரமெல்லாம் அந்தச் சத்தம்தான் என்னைக் கீழே இறக்கிவிடும். அது இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

கதவில் ஒடுக்கு விழுந்தது எங்கள் தப்பு. அதில் பேச்சே இல்லை. கல்யாண மண்டபத்துக் கேட்டுத் தூணில் இவர் உரசிவிட்டார். தூணின் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடாக ஒடுக்குக்குள் ஒட்டிக்கொண்டது. ரோட்டோரப் பட்டறையில் கொடுக்க வேண்டாம், கம்பெனி ஆட்கள் என்றால் நாணயமாக இருக்கும் என்று ஈரோடு ரோட்டில் இருக்கிற மரகதவல்லி கார்ஸுக்கு இவர்தான் கொண்டுபோனார். சாயங்காலம் கார் புதுசாக வந்தது. இவரும் வந்தார். முகத்தில் ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் குனியாமல் நின்றார். இடது பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி நின்றது. துண்டை வைத்து ஒற்றி எடுத்தேன். அடியில் பச்சைக் கோடு இருந்தது.

"ஏனுங்க, இது நம்ம கார் ஒடுக்குங்க" என்றேன்.

"அப்படித்தான் இருக்குது" என்றார்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல அம்மிணி. மரத்துக் கிடக்குது. இருந்துட்டுப் போகுது உடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் திறந்தது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சத்தம் வரவில்லை. வயிற்றிலிருந்து கிளம்புகிற சிரிப்பு மேலே ஏறுவதற்குள் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. அவர் வாயை மூடிக்கொண்டு சட்டையை எடுத்து மாட்டினார். அண்டாக்கள் சும்மா இருந்தன.

இருந்துட்டுப் போகுதாம். அவருக்கு வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகும். எனக்கு வேண்டும் அந்தச் சிரிப்பு.

நசுங்கல் பாத்திரம் தட்டுகிற நம் பட்டறை ஆளை விட்டே எடுத்துவிடலாமே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். பாத்திரம் என்றால் எடுக்கலாம். ஆள் மேல் விழுந்த ஒடுக்கைப் போட்ட கைதான் எடுக்க வேண்டும். வேறு கை தொட்டால் அது அங்கேயே தங்கிவிடும். அப்படியே வேறு கை எடுக்க முடியும் என்றாலும் நான் விட்டிருக்க மாட்டேன். போட்டவன் எடுக்கட்டும். அதுதானே முறை?

இவரைக் காரில் உட்கார வைத்து, நானும் போனேன்.

சர்வீஸ் அட்வைசர் என்று ஒரு பையன் வந்தான். யுகேந்திரன் என்று சட்டையில் எழுதியிருந்தது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து கதவைத் தடவிப் பார்த்தான்.

"வேலை சூப்பரா வந்திருக்குதுங்க மேடம். கம்பெனியில இருந்து போன் வரும். பத்துக்குப் பத்து குடுத்திருங்க மேடம். ஒன்பது குடுத்தாக்கூட எங்களுக்கு ஃபெயிலுங்க."

"கதவை உடு தம்பி. இவரைப் பாரு" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் பார்த்தான். கையில் இருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினான். "கார் உள்ள வர்றப்ப நாலு பக்கமும் போட்டோ எடுப்போமுங்க மேடம். செக் பண்ணிரலாம்" என்றான்.

போட்டோவில் எங்கள் கதவு ஒடுக்கோடு இருந்தது. கதவுக்கு எதிரில் இவர் நின்றிருக்கிறார் போலிருக்கிறது. பளபளப்பில் இவருடைய உருவம் தெரிந்தது. ஒடுக்கு இருந்த இடத்தில், இவருக்கும் இடுப்புக்கு மேலே உள்வாங்கித் தெரிந்தது.

"பாத்தீங்களா மேடம்? வர்றப்பவே சாருக்கு டேமேஜ் இருந்திருக்குது."

வாங்கிட்டுப் போறப்பவே இப்படித்தானுங்க இருந்துச்சு! அதே பாட்டு. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இவர் சிரிப்பார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். சத்தம் இல்லை. எனவே அந்தக் கோபத்திலிருந்து கீழே இறங்காமலே பேசினேன்.

"சரி தம்பி. கார்லயும் ஒடுக்கு இருந்துச்சு, இவர் மேலயும் ஒடுக்கு இருந்துச்சுன்னு வெச்சுக்குவோம். அப்ப ரெண்டு. நீங்க எடுத்தது கார்ல இருந்த ஒண்ணு. அந்த ஒண்ணு எங்க விழுந்துச்சு? உங்க கல்லைக் காட்டு."

அவன் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் கல் எங்கள் பாத்திரப் பட்டறைக் கல்லைவிடப் பெரிசு. பீடம் கட்டி, மேலே கூரை போட்டிருந்தார்கள். சிவப்புக் காரின் ஒடுக்கு சிவப்பாகவும் மாடு முட்டின ஒடுக்கு சாணியோடும் கல் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, தடவிப் பார்த்தேன். பச்சைக் கோடு எதிலும் இல்லை. அது என் வீட்டுக்காரர் மேல் இருந்தது.

யுகேந்திரனும் குனிந்து ஒவ்வொரு பள்ளமாகத் தேடிப் பார்த்தான். பிறகு டேப்பை மூடிக்கொண்டான்.

"சார் சிரிச்சிட்டாருங்க மேடம்" என்றான்.

நடந்தது அதுதான். கஸ்டமர் உட்காரும் ஏசி ரூமுக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. இவர் உள்ளே உட்கார்ந்து ஓசிக் காப்பி குடித்துக்கொண்டே டிவியில் காமெடி பார்த்திருக்கிறார். சிரித்திருக்கிறார். லோகு என்கிற மெக்கானிக் அப்போதுதான் சுத்தியை ஓங்கினானாம். இது என்னடா சத்தம் என்று திரும்பி இவரைப் பார்த்தானாம். அடி கதவில் விழுந்தது. ஒடுக்கு கண்ணாடியைத் தாண்டி இவர் மேல் விழுந்தது.

"வேலை செய்யறவங்க கவனத்தைத் திருப்பக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்கோமுங்க மேடம்" என்று சுவரைக் காட்டினான். போர்டு இருந்தது. அதே சுவரில், இன்னும் பெரிய எழுத்தில், வாடிக்கையாளரின் சிரிப்பே எங்கள் வெற்றி என்று இன்னொரு போர்டும் இருந்தது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

"உங்க முதலாளியைக் கூப்பிடு" என்றேன்.

முதலாளி பெயர் குப்புராஜ். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. நல்ல மரியாதைக்காரர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களை உட்கார வைத்தார். காருக்குள் தொங்கவிடும் சென்ட் பாட்டிலும் காலண்டரும் கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கையைக் கோத்துக்கொண்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஞாயத்தைப் பேசுவோம். அந்த டொக்கு யாரோடதுங்க? உங்களோடது. நீங்க கொண்டு வந்தீங்க, நீங்களே கொண்டு போயிட்டீங்க. எங்ககிட்ட ஏதாச்சும் தங்குச்சுங்களா? எங்க பக்கம் என்னங்க தப்பு?"

"கார்ல கொண்டு வந்ததை ஆள் மேல அனுப்பி வெச்சீங்களே, அதுதானுங்க தப்பு."

"ஆளுக்கு வேலை பாக்கறது எங்க லிஸ்ட்ல இல்லீங்க. வேணும்னா ஒண்ணு பண்றோம். மறுபடியும் காருக்கே மாத்தித் தர்றோம். ஆனா அது புது வேலை. கம்பெனி அப்ரூவல் வரணும். வந்ததும், எங்க மேல ஒரு பொறுப்பும் இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

"எழுதிக் குடுக்க மாட்டனுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவும் மாட்டனுங்க. நீங்க போட்டது. நீங்க எடுக்கணும். அது மட்டுந்தான் பேச்சு."

சென்ட் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். காலண்டரையும் வைத்தேன். இவர் மட்டும், காலண்டர்ல நாள் நட்சத்திரம் போட்டிருக்குதே என்று ஒரு பார்வை பார்த்தார். வாங்க நீங்க என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ தடவை போனேன். கம்பெனி அப்ரூவல் வரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். என் வீட்டுக்காரரைச் சிரிக்கச் சொல்லிப் போனை அவர் வாயருகில் வைத்தேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

வீடு எப்படியோ ஆகிவிட்டது. நான் கத்துவேன், கத்தினது கத்தினபடியே மேலே நிற்கும். இறக்கிவிட ஆள் இல்லை. நசுங்கல் பாத்திரத்தோடு வந்தவர்கள் அழுதுகொண்டே போனார்கள். இவர் சாப்பிடும்போது விலாவில் இருந்த பள்ளத்தில் தம்ளரை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். அது சாயாமல் நிற்கும். மனுஷன் எதற்கும் பழகிவிடுவார். அதுதான் என் பயமே.

எங்கள் கடையில் பேர் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. வாடகைப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் துளசிமணி பாத்திரக் கடை என்பதைச் சுருக்கி து.பா.க. என்று புள்ளி புள்ளியாக வெட்டி வைத்திருப்போம். கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுக்கிற குடத்திலும் தட்டிலும் பேர் வெட்டித் தரச் சொல்லிக் கூட்டம் வரும். நம் ஜனங்கள் பேர் வெட்டாமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்க மாட்டார்கள். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால், உபயம் இன்னார் என்று அதன் மேலேயே எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஒரு பித்தளைச் சொம்பில், தாய்மாமன் உபயம் என்று வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்ததும் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன்.

"ஏனுங்க, இக்கட்ட வாங்க. சட்டையைக் கழட்டுங்க."

ஒடுக்கு விழுந்த இடம் தகரம் மாதிரி மரத்துத்தான் இருந்தது. வலிக்காது. கூச்சம் மட்டும் இருந்தது போலிருக்கிறது. மெஷினை வைத்ததும் நெளிந்தார். டிக் டிக் டிக் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் தோள் குலுங்கியது, வாய் அகலத் திறந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவ்வளவு சிரிப்பு. என் காது அவருடைய நெஞ்சில் இடிக்கிற தூரத்தில் இருந்தது. ஒரு பொட்டுச் சத்தம் கேட்கவில்லை. நானும் அழுதுகொண்டேதான் வெட்டினேன். ஆனால் எழுத்து கோணவில்லை.

உபயம்: மரகதவல்லி கார்ஸ், ஈரோடு ரோடு.

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் வட்டமாக வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தேன். கடையில் உட்கார்ந்தாலும் கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கப் போனாலும் உபயம் பளிச்சென்று தெரிந்தது. ஜனங்கள் நின்று படித்தார்கள்.

"பரவால்லியே, கார்க்காரங்க இத்தாப் பெருசா குடுத்திருக்காங்களே" என்றார்கள்.

"நமக்கெல்லாம் காலண்டரோட சரி" என்றார்கள் சிலர்.

மரகதவல்லி கார்ஸில் கூட்டம் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கொடுங்கள், நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டுப் போனார்கள். வந்தவர்களில் சிலர் காரும் வாங்கிவிட்டார்களாம். யுகேந்திரன் போன் செய்தான்.

"முதலாளி ரொம்ப சந்தோசப்பட்டாருங்க மேடம். இந்த மாதிரி விளம்பரம் யாருமே பண்ணதில்லைன்னாரு."

"சந்தோசந் தம்பி. மாரியம்மன் நோம்பிக்கு உபயதாரருக்கெல்லாம் பொன்னாடை போத்தறோம். அவரையும் வரச் சொல்லு. மைக்கில பேர் சொல்லுவோம்."

குப்புராஜ் வந்தார். பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு. முன்வரிசையில் உட்கார்ந்தார். கோயில் மைக்கில் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சீரியல் செட் உபயம் இன்னார். நீர்மோர் உபயம் இன்னார். அப்புறம், "நம்ம சென்னியப்பன் அவர்களின் இடது பக்கத்து ஒடுக்கு, உபயம் மரகதவல்லி கார்ஸ் உரிமையாளர் குப்புராஜ் அவர்கள்" என்று படித்தார்கள். கைத்தட்டல். குப்புராஜ் எல்லாத் திசைக்கும் கும்பிட்டுக்கொண்டே மேடை ஏறினார். பொன்னாடையை நானே போர்த்தினேன். போர்த்திவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"குடுத்தது நீங்கதானுங்களே?" என்று கேட்டேன்.

"ஆமாமுங்க, நாங்கதானுங்க" என்றார் மைக்கில். நாலு பக்கத்து ஸ்பீக்கர் குழாயிலும் அது கேட்டது.

"நல்லதுங்க. நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உபயம் போட்டவங்கதான் பராமரிக்கணும். அந்தா, அந்த டியூப் லைட் வேலுச்சாமி அய்யா போட்டது. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னைக்கும் பியூஸ் போச்சுன்னா அவர் பையன்தான் ஏணி போட்டு ஏர்றாரு. இந்த ஒடுக்குல ரிப்பேர் இருக்குதுங்க. சிரிப்பு உள்ள விழுந்து கிடக்குது. நாளைக்குக் காலையில வர்றோம்."

அவர் பொன்னாடையைக் கழற்றப் பார்த்தார். அதற்குள் பரிவட்டம் கட்டுகிறவர்கள் வந்து தலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார்.

காலையில் இவரை வேலை நடக்கும் இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். லோகு மரச்சுத்தியோடு வந்து கல்லைப் பார்த்தபடி நின்றான். கல்லை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். சிரிப்பு வந்தாலும் அடக்குங்க என்று இவரிடம் சொன்னேன். டிவியை நிறுத்தச் சொன்னேன். எல்லாருக்கும் எல்லாம் சொன்னேன். எனக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

லோகு தட்டினான். ஒடுக்கு அசைந்தது. இன்னும் ஒரு தட்டு. பள்ளத்தின் விளிம்பு விட்டுக்கொடுத்தது. அவ்வளவு நாளாக உள்ளே விழுந்து கிடந்த சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. அந்தத் தகரக் கூரை அதிர்ந்தது. நின்ற கார்கள் எல்லாம் அலாரம் அடித்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஏனுங்க!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

லோகு திரும்பி என்னைப் பார்த்தான். ஓங்கின சுத்தி அங்கே இவர் மேல் விழுந்தது.

எனக்குக் கழுத்துக்குக் கீழே, கத்தும்போது எங்கிருந்து சத்தம் வருமோ அந்த இடத்தில்தான் இவருடைய ஒடுக்கு வந்து விழுந்திருக்கிறது. பச்சைக் கோடும் உபயமும் அப்படியே வந்துவிட்டன.

"மேடம் கத்திட்டாங்க" என்றான் யுகேந்திரன். போர்டைக் காட்டினான்.

குப்புராஜ், "சாருக்குச் சரி பண்ணியாச்சு. எங்க உபயம் முடிஞ்சுது. இது அக்கா தானா வாங்கிக்கிட்டது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டடமே பற்றி எரிந்திருக்க வேண்டும். அது கிளம்பியது, மேலே ஏறியது, பள்ளத்தில் விழுந்தது. வெளியே, "சரிங்க" என்றுதான் வந்தது. மறுபடியும் முயற்சி செய்தேன். மறுபடியும் சரிங்க. இதையெல்லாம் நான் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதனால்தான். எனக்குக் கோபம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் உள்ளேதான் கிடக்கிறது.

இவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து என் கழுத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துப் பார்த்தார். ஒருவரிடமும் ஒரு நாளும் குரலை உயர்த்தியறியாத மனுஷன். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அம்மிணி, நீ ஊட்டுக்குப் போ. நான் கொஞ்ச நேரம் இங்க உக்காந்துட்டு வர்றேன்" என்றார்.

"சரிங்க" என்றேன். அதை மட்டும் மனதாரத்தான் சொன்னேன்.

இவர் ஏசி ரூமுக்குப் போய், ஓசிக் காப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லோகு அடுத்த காருக்குச் சுத்தியை ஓங்கினான். இவர் சிரித்தார். லோகு திரும்பினான். இவர் சட்டென்று கீழே குனிந்து காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். ஒடுக்கு பின்சுவரில் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் கடை திறந்து கொடுத்துவிட்டு இவர் அங்கே போய்விடுவார். மெக்கானிக்குகள் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். சிரிப்பு தரை வழியாகப் போனது. கண்ணாடியில் பேப்பர் ஒட்டினார்கள். சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள், கண்ணில் பட்ட தூண் நசுங்கியது. எந்திரிச்சுப் போங்க சார் என்று சொல்ல செக்யூரிட்டியை அனுப்பினார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஊரில் உள்ள கார்களின் ஒடுக்கெல்லாம் மரகதவல்லி கார்ஸ் மேலேயே விழுந்தது. ரிசப்ஷன் உள்ளே போனது. மேல்மாடி கீழே வந்தது. வாடிக்கையாளரின் சிரிப்பே எங்கள் வெற்றி என்கிற போர்டு நடுவில் குழிந்து, கிண்ணம் மாதிரி ஆனது. வேலை செய்கிறவர்கள் குனிந்து நடக்கப் பழகினார்கள். மனுஷர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள்.

குப்புராஜ் எங்கள் கடைக்கே வந்தார். வாசலில் நின்றபோது, பழக்கதோஷத்தில் அவரும் குனிந்துதான் நின்றார்.

"அக்கா, அவரை நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தினா உங்களோடதை எடுத்துத் தர்றோம்."

நியாயமாகப் பார்த்தால் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் வந்து கேட்க வேண்டும். என் மேல்தான் தப்பு என்பது போலத்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடமே உண்மையில் கோணலாகிவிட்டது, அப்போதும் புத்தி வரவில்லை. எனக்கு ஒரு பிடி பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"சரிங்க" என்றேன்.

சந்தோஷமாகப் போனார். இவர் சாயங்காலம் வந்தார். சாப்பாடு போட்டேன். குப்புராஜ் வந்து போனதைச் சொன்னேன். நிறுத்தச் சொல்லி மட்டும் சொல்லவில்லை. காப்பி ஆறாமல் இருக்க ஒரு பிளாஸ்க் வாங்கி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். இவர் சிரித்தார். பின்கட்டில் அண்டாக்கள் எல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் இவர் காரின் பின்பக்கத்தைத் திறந்து, ஒரு அண்டாவைக் கஷ்டப்பட்டு இறக்கினார். மரகதவல்லி கார்ஸ். கட்டடமே நசுங்கி நசுங்கி ஒரு அண்டா அளவுக்கு வந்துவிட்டதாம். ஈரோடு ரோட்டில் அப்படியே விட்டால் யாராவது எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். லோகு, யுகேந்திரன், குப்புராஜ் எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள். காதை வைத்தால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு ஒடுக்கு எடுக்க வேண்டிய கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இனி எங்கே போய்விடும்? நான் மெஷினை எடுத்து, அடியில் து.பா.க. என்று வெட்டி, அடுக்கில் வைத்தேன்.

இன்று காலை ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பாயசத்துக்குப் பெரிய அண்டாவாக வேண்டும் என்றார்கள். இவர் அதைத்தான் இறக்கிக் காட்டினார்.

"போனது மாதிரியே வந்து சேரணுமுங்க" என்று சிரித்தார்.

பொண்ணோட சித்தப்பா விரலை மடக்கி அண்டாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து, "பத்துக்குப் பத்து குடுத்திருங்க சார்" என்று சத்தம் வந்தது.

"நல்ல கெட்டி அண்டாவுங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.